‘வேலிட்’ என்று கேட்டால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எந்த விண்ணப்பப் படிவத்தை எடுத்தாலும் ‘வேலிட்’ என்ற ஆங்கிலச் சொல் எங்காவது ஓர் இடத்தில் இருக்கும். வேலிட் பாஸ்போர்ட், வேலிட் போட்டோ ஐடி, வேலிட் லைசென்ஸ், வேலிட் சர்டிஃபிகேட். நம்மில் பெரும்பாலோருக்கு இந்தச் சொல் பழகியது செல்போன் ரீசார்ஜில்தான். ‘வேலிடிட்டி 28 நாள்’ என்றால் 28 நாள் பேசலாம், அதற்குப் பிறகு மறுபடியும் காசு கட்ட வேண்டும். அதே பொருளை ஆவணங்களுக்கும் எடுத்துக்கொண்டு, ‘தேதிதான் இன்னும் முடியலையே’ என்று தைரியமாகப் போய் நிற்பவர்களைத்தான் கவுன்ட்டரில் திருப்பி அனுப்புகிறார்கள்.

அண்ணன் மகனின் வெளிநாட்டுப் படிப்பு, சித்தியின் சிங்கப்பூர் பயணம், அப்பாவின் லைசென்ஸ் ரினியூவல் என்று எங்கள் வீட்டில் எல்லாம் ஒரே வருடத்தில் சேர்ந்து வந்தது. ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தது நான். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கீழே உள்ள கட்டணங்கள் இதை எழுதும் நேரத்தில் நான் அறிந்தவை. பணம் கட்டும் முன் அந்தந்தத் துறையின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. சொல்லைப் படிக்கும்போதே ஐந்து கேள்வி கேளுங்கள்

‘வேலிட்’ என்றால் செல்லக்கூடியது, செல்லுபடியாவது. ஒரு பொருள் செல்லுமா செல்லாதா என்பதை அதை வைத்திருப்பவர் முடிவு செய்வதில்லை, வாங்கிக்கொள்பவர்தான் முடிவு செய்கிறார். 2016 நவம்பரில் பழைய 500 ரூபாய் நோட்டோடு நின்ற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே ஓர் ஆவணத்தைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டியவை: எதுவரை செல்லும், எங்கே செல்லும், எதற்குச் செல்லும், யாருக்குச் செல்லும், எந்த வடிவில் கொடுத்தால் செல்லும். ரீசார்ஜ் நமக்குச் சொல்லிக்கொடுத்தது முதல் கேள்வியை மட்டும்தான்.

இந்தக் கேள்விகளுக்கான பதில் பெரும்பாலும் ‘வேலிட்’ என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் குட்டிச் சொற்களில் இருக்கிறது. ‘வேலிட் ஃப்ரம்’ என்றால் அந்தத் தேதிக்கு முன்னால் பயன்படுத்த முடியாது. ‘வேலிட் டில்’, ‘வேலிட் அப் டு’ என்றால் அந்தத் தேதி வரை. ‘வேலிட் ஃபார்’ என்பதில் மட்டும் கொஞ்சம் நின்று படியுங்கள். அதற்குப் பின்னால் காலமும் வரலாம், நாடும் வரலாம், நோக்கமும் வரலாம். ‘வேலிட் ஃபார் ஒன் இயர்’ என்பது காலம். ‘வேலிட் ஃபார் டிராவல் டு’ என்று தொடங்கினால் அடுத்து வருவது நாடு. ‘வேலிட் ஒன்லி வித்’ என்றால் கூடவே இன்னொரு காகிதம் வேண்டும் என்று பொருள். ரயில் இ-டிக்கெட் அப்படித்தான். ஒரிஜினல் அடையாள அட்டை கூட இல்லாவிட்டால் டிக்கெட் இருந்தும் இல்லாத கணக்கு. ‘இன்வேலிட்’, ‘நாட் வேலிட்’, ‘வாய்ட்’ ஆகிய மூன்றில் எது இருந்தாலும் செல்லாது என்று எடுத்துக்கொள்ளலாம்.

தேதி எழுதும் முறையையும் கவனியுங்கள். நாம் நாள், மாதம், வருடம் என்று எழுதுகிறோம். அமெரிக்கப் படிவங்களில் மாதம் முதலில் வரும். 05/06 என்பது நமக்கு ஜூன் 5, அவர்களுக்கு மே 6. வெளிநாட்டுக் காகிதத்தில் எண்ணாக மட்டும் தேதி இருந்தால், அது எந்த நாட்டு வழக்கம் என்று தெரிந்துகொண்ட பிறகு கணக்குப் போடுங்கள்.

2. ஆன்லைன் படிவம் சொல்லும் ‘வேலிட்’ வேறு

இணையத்தில் விண்ணப்பிக்கும்போது சிவப்பு எழுத்தில் ‘ப்ளீஸ் என்டர் எ வேலிட் நேம்’ என்று வந்தால் பதறாதீர்கள். உங்கள் ஆவணத்தில் கோளாறு என்று அதற்கு அர்த்தமில்லை. நீங்கள் தட்டிய எழுத்துகளின் வடிவம் அந்தக் கட்டத்துக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். செல்போன் எண் என்றால் 10 இலக்கம், 6 முதல் 9 வரையான ஒன்றில் தொடங்க வேண்டும். பான் என்றால் ஐந்து எழுத்து, நான்கு எண், கடைசியில் ஓர் எழுத்து. வங்கியின் ஐஎஃப்எஸ்சி என்றால் 11 எழுத்து. ஐந்தாவது இடத்தில் இருப்பது பூஜ்யம். ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்தை அங்கே தட்டிவிட்டு, திரும்பத் திரும்ப ‘இன்வேலிட்’ வருகிறதே என்று தவிப்பவர்களைப் பிரவுசிங் சென்டரில் நிறைய பார்த்துவிட்டேன்.

இதில் நமக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு: இனிஷியல். பல தளங்கள் பெயரில் புள்ளியை ஏற்பதில்லை. ‘கே. முருகன்’ என்று அடித்தால் செல்லாது என்று சொல்லும். புள்ளியை எடுத்துவிட்டு ஓர் இடைவெளி விட்டால் ஏற்றுக்கொள்ளும். சில தளங்கள் ‘சர்நேம்’ கட்டாயம் என்று நிற்கும். அந்த நேரத்தில் கைக்கு வந்ததை நிரப்பாதீர்கள். பாஸ்போர்ட் சம்பந்தப்பட்ட எதுவானாலும் பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்து வரிசைதான் கணக்கு. புதிதாகப் பாஸ்போர்ட் எடுப்பவர்கள் இனிஷியலை விரித்து, அப்பா பெயரையோ குடும்பப் பெயரையோ ‘சர்நேம்’ கட்டத்தில் போட்டு வாங்கிவிடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல் பெயர் மட்டும் இருப்பவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். அந்த இடைவெளியில் மாட்டியவர்களின் பாஸ்போர்ட்டில் தேதி நிறையவே பாக்கி இருந்தது.

3. பாஸ்போர்ட்: ஆறு மாதத்தைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்

சித்தியின் விஷயத்தைச் சொல்கிறேன். திருச்சியிலிருந்து நவம்பரில் சிங்கப்பூர் விமானம். பாஸ்போர்ட் அடுத்த மார்ச் வரை இருந்தது, விசா கையில் இருந்தது, பெட்டி கட்டியாகிவிட்டது. செக்-இன் கவுன்ட்டரில் இருந்த பையன் பாஸ்போர்ட்டைப் புரட்டினான், திரையைப் பார்த்தான், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தான்.

“மேடம், இதுல ஆறு மாசம் இல்லையே?”

“மார்ச் வரைக்கும் இருக்கே தம்பி. பாரு, நீயே பாரு.”

“மார்ச் வரைக்கும் இருக்கு. ஆனா உள்ளே விட ஆறு மாசம் பாக்கி இருக்கணும் மேடம்.”

அவ்வளவுதான். பேரக் குழந்தைக்கென்று செய்த முறுக்கும் அதிரசமும் பெட்டியோடு வீட்டுக்குத் திரும்பி வந்தன. டிக்கெட் காசும் போனது.

அந்தப் பையன் சொன்னது சரி. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவை எல்லாம் நீங்கள் போய் இறங்கும்போது பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள், நீங்கள் திரும்பக் கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் இருக்க வேண்டும் என்கின்றன. அதோடு பாஸ்போர்ட் கடந்த பத்து வருடத்துக்குள் வழங்கப்பட்டதாகவும் இரண்டு வெற்றுப் பக்கமாவது உள்ளதாகவும் இருக்க வேண்டும். பிரிட்டனுக்குத் தங்கும் காலம் முழுக்க இருந்தால் போதும். நாட்டுக்கு நாடு மாறும் இந்த விதிகளை விமான நிறுவனங்கள் ‘டைமாட்டிக்’ என்ற தொகுப்பில் பார்க்கின்றன. விதிக்குப் பொருந்தாத பயணியை ஏற்றிச் சென்றால் அபராதமும் திருப்பிக் கூட்டிவரும் செலவும் அவர்கள் தலையில் விழும். அதனால்தான் கவுன்ட்டரில் எவ்வளவு கெஞ்சினாலும் விடமாட்டார்கள். கெஞ்சி நேரத்தை வீணாக்காமல், டிக்கெட்டைத் தேதி மாற்ற முடியுமா என்று உடனே கேளுங்கள். விமானம் கிளம்பும் முன் கேட்டால் சில டிக்கெட்டுகளில் கொஞ்சம் பணமாவது மிஞ்சும்.

இந்தியப் பாஸ்போர்ட் பெரியவர்களுக்கு 10 வருடம். பிள்ளைகளுக்கு 5 வருடம் அல்லது 18 வயது முடியும் வரை, இதில் எது முந்தியோ அது. பிள்ளைகளுடையதுதான் அதிகம் கண்ணில் படாமல் போகும். அப்பா அம்மா பாஸ்போர்ட் நன்றாக இருக்கும், பிள்ளையுடையது முடிந்திருக்கும்.

ரினியூவல் என்று நாம் சொல்வதைப் பாஸ்போர்ட் சேவா தளத்தில் ‘ரீ-இஷ்யூ’ என்று தேட வேண்டும். தேதி முடிவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000. தட்கால் என்றால் மேலே 2,000. சாதாரணமாக ரினியூ செய்பவர்களுக்குப் பழைய பாஸ்போர்ட் ஒரிஜினலும், அதன் முதல் இரண்டு, கடைசி இரண்டு பக்கங்களின் ஜெராக்ஸும் (கையெழுத்துப் போட்டு) முக்கியம். முகவரி மாறியிருந்தால் புதிய முகவரிக்குச் சான்று வேண்டும். அப்போது போலீஸ் விசாரணை வரும், நாள் கூடும். வாடகை வீடு மாறும் யோசனை இருந்தால் முதலில் வீட்டை மாற்றி ஆதாரில் முகவரியைத் திருத்திவிட்டுப் பாஸ்போர்ட்டுக்குப் போங்கள். விசாரணைக்கு வருகிறவர் பழைய வீட்டுக் கதவைத் தட்டினால் அத்தனையும் நின்றுவிடும்.

கிழிந்த, நனைந்த, பக்கம் பிரிந்த பாஸ்போர்ட்டில் தேதி எவ்வளவு இருந்தாலும் பயணத்துக்கு எடுக்காதீர்கள். போட்டோ இருக்கும் பக்கத்தின் மேல் பிளாஸ்டிக் உறை பிரிந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

4. விசாவில் இரண்டு கணக்கு இருக்கும்

விசா எதுவரை ‘வேலிட்’ என்பதும், நீங்கள் எத்தனை நாள் தங்கலாம் என்பதும் ஒன்றல்ல. இதைக் குழப்பிக்கொண்டால் விளைவு பெரிது. சொன்ன நாளுக்கு மேல் தங்கியதாகப் பதிவாகிவிட்டால் அடுத்த விசாவே கிடைக்காமல் போகலாம்.

அமெரிக்க விசிட்டர் விசா இந்தியர்களுக்குப் பெரும்பாலும் 10 வருடத்துக்குக் கிடைக்கும். அதைப் பார்த்து, பத்து வருடம் அங்கே இருக்கலாம் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால், மகள் பிரசவத்துக்குப் போகும் பெற்றோர் ‘விசாதான் இருக்கே, இன்னும் ரெண்டு மாசம் இருந்துட்டுப் போறோம்’ என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். விசாவில் இருக்கும் தேதி, அமெரிக்க வாசலில் போய் நின்று உள்ளே விடுங்கள் என்று கேட்பதற்கான கடைசி நாள். எத்தனை நாள் தங்கலாம் என்பதை வாசலில் இருக்கும் அதிகாரி முடிவு செய்வார், அது ஐ-94 என்ற பதிவில் ஏறும். விசிட்டர்களுக்கு வழக்கமாக ஆறு மாதம். இறங்கிய மறுநாளே அந்நாட்டுச் சுங்கத் துறை தளத்தில் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து ஐ-94 பதிவை எடுத்து, அதில் இருக்கும் தேதியைச் சமையலறைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

ஷெங்கன் விசா ஸ்டிக்கரில் ‘ஃப்ரம்’, ‘அன்டில்’ என்று இரண்டு தேதி இருக்கும். அதற்குக் கீழே ‘டியூரேஷன் ஆஃப் ஸ்டே’ என்று நாள் எண்ணிக்கை தனியாக இருக்கும். இரண்டு தேதிக்கும் நடுவில் 30 நாள் இருந்தாலும் எண்ணிக்கை 15 என்று இருந்தால் 15 நாள்தான். போய் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும்.

பாஸ்போர்ட் மாற்றும்போது பழையதில் இன்னும் காலம் உள்ள அமெரிக்க விசா இருந்தால், அந்த விசா செத்துப்போவதில்லை. பழைய பாஸ்போர்ட்டை முனை வெட்டி, ரத்து என்று முத்திரை இட்டுத் திருப்பித் தருவார்கள். விசா பக்கம் சேதமாகாமல் இருந்தால், பழையதையும் புதியதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகலாம். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

5. லைசென்ஸ், வண்டிக் காகிதம்

ஓட்டுநர் உரிமத்தில் ‘எதுவரை’ என்பதோடு ‘எதற்கு’ என்பதும் சம அளவு முக்கியம். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு வாங்கிய லைசென்ஸ் கியர் வண்டிக்குச் செல்லாது. தம்பி, தங்கைக்கு பைக் வாங்கிக் கொடுக்கும் முன் அவர்கள் அட்டையின் பின்பக்கத்தில் எந்த வகை வண்டி என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் முதலில் பார்ப்பது அதைத்தான். அட்டையில் சொந்த வண்டிக்கு ஒரு தேதி, டிரான்ஸ்போர்ட் வண்டிக்கு ஒரு தேதி என்று இரண்டு தனித்தனியாக இருக்கும். டிரான்ஸ்போர்ட் வகை 5 வருடம்தான். டிரைவர் வேலைக்குப் போகிறவர்கள் சொந்த வண்டிக்கான நீண்ட தேதியைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சொந்த வண்டி லைசென்ஸின் காலம் வயதைப் பொறுத்தது. 30 வயதுக்குள் எடுத்தால் 40 வயது வரை. 30 முதல் 50க்குள் என்றால் 10 வருடம். 50 முதல் 55க்குள் என்றால் 60 வயது வரை. 55க்கு மேல் என்றால் 5 வருடம். பழைய லைசென்ஸ்களில் 20 வருடம் என்று இருந்த பழக்கத்தில் பலர் இன்னும் அதையே நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

தேதி முடிந்த மறுநாளே அது செல்லாத லைசென்ஸ். முன்பு இருந்த 30 நாள் சலுகையும் அதே திருத்தத்தில் போய்விட்டது. முடிவதற்கு ஒரு வருடம் முன்பிருந்து முடிந்த பிறகு ஒரு வருடம் வரை ரினியூ செய்யலாம். அதையும் தாண்டினால் மறுபடி ஓட்டிக்காட்டித்தான் வாங்க வேண்டும். 40 வயது தாண்டியவர்களுக்கு டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1-ஏ வேண்டும். அப்பாவுக்கு அதில்தான் இழுத்தது. கண்ணாடியை மாற்றிக்கொண்ட பிறகு மெடிக்கலுக்குப் போயிருந்தால் ஒரே நடையில் முடிந்திருக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிப்போகும் முன் கண் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். செல்லும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் அபராதம் 5,000 ரூபாய். ரினியூவலுக்கு ஆகும் செலவு அதில் மிகச் சிறிய பங்கு.

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். எடுத்து 30 நாள் ஆன பிறகே லைசென்ஸ் டெஸ்டுக்குப் போக முடியும். ஆக, உங்களுக்கு இருப்பது நடுவில் ஐந்து மாதம். கல்லூரிப் பிள்ளைகள் மே விடுமுறையில் எல்.எல்.ஆர். போட்டுவிட்டு, ‘செமஸ்டர் லீவ்ல பாத்துக்கலாம்’ என்று தள்ளினால் டிசம்பரில் மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

வெளிநாட்டில் கார் ஓட்ட இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். இந்திய லைசென்ஸ் அதற்கு முன் முடிந்தால் அதோடு இதுவும் முடியும்.

வண்டிக்கு மாசுச் சான்று பிஎஸ்-4, பிஎஸ்-6 புகைத் தரம் உள்ள வகைக்கு ஒரு வருடம், பழைய வகைகளுக்கு ஆறு மாதம். இன்ஷூரன்ஸ் தேதி முடிவது அன்றைய நள்ளிரவில்; மறுநாள் காலை ஆபீஸ் போகும்போது வண்டிக்குப் பாதுகாப்பு இல்லை. 90 நாளுக்கு மேல் விட்டுவிட்டால், க்ளெய்ம் செய்யாமல் இத்தனை வருடம் சேர்த்த நோ-க்ளெய்ம் போனஸும் போய்விடும். புது வண்டிக்குக் காருக்கு 3 வருடம், டூவீலருக்கு 5 வருடம் என்று தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் (நம் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் இழப்புக்கானது) சேர்ந்தே வருகிறது. நம் வண்டியின் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் இருக்கும். பாலிசியில் இரண்டு தேதியையும் தனித்தனியாகத் தேடுங்கள்.

6. தாசில்தார் அலுவலகச் சான்றுகள்

எங்கள் வீட்டில் அதிகம் கவலைப்பட்டது இதில்தான். வேலைக்கும் மேல்படிப்புக்கும் போகும் பிள்ளைகள் இதைக் கவனமாகப் படியுங்கள்.

சாதிச் சான்று ஒருமுறை வாங்கினால் காலம் முழுக்கச் செல்லும். ஆனால் ‘எங்கே’ என்ற கேள்வி இருக்கிறது. தமிழக அரசுக்கான பிசி, எம்பிசி சான்றை மத்திய அரசுத் தேர்விலோ, மத்தியக் கல்வி நிறுவனத்திலோ கொடுத்தால் ஏற்கமாட்டார்கள். அங்கே ‘ஓபிசி நான்-கிரீமிலேயர்’ சான்று (பிற்படுத்தப்பட்டவர், அதிலும் வசதி வரம்பைத் தாண்டாதவர் என்பதற்கானது) தனியாக, மத்திய அரசு கேட்கும் படிவத்தில் வேண்டும். முந்தைய மூன்று நிதியாண்டுகளின் நிலையைப் பார்த்துத் தருவது என்பதால் அது ஏப்ரல் தோறும் பழசாகிவிடும். ஐஐடி, என்ஐடி சேர்க்கைக்கான கவுன்சலிங்கில் அந்த வருடம் ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு வழங்கப்பட்ட சான்றுதான் கேட்கிறார்கள். மார்ச் 28 அன்று முந்திக்கொண்டு வாங்கிய பிள்ளை ஜூனில் திண்டாடும். சுறுசுறுப்பாக முன்கூட்டியே வாங்கியது அங்கே பலன் தருவதில்லை. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான ஈடபிள்யூஎஸ் சான்றுக்கும் இதே நிதியாண்டுக் கணக்குதான்.

நேர்மாறான வலையும் உண்டு. அரசு வேலை அறிவிப்புகளில் ‘விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்குள் வழங்கப்பட்ட சான்று’ என்று ஒரு வரி இருக்கும். தேர்வெல்லாம் எழுதி, சான்று சரிபார்ப்புக்கு அழைத்த பிறகு புதிதாக வாங்கிக்கொண்டு போனால் தேதி பிந்தியது என்று நிராகரிக்க முடியும். ஆகவே அறிவிப்பைத் திறந்ததும் சம்பளத்தைப் பார்க்கும் முன் இந்த இரண்டு வரியைத் தேடுங்கள்: சான்று எந்தத் தேதிக்குப் பின், எந்தத் தேதிக்குள்.

இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய். ஆதார், குடும்ப அட்டை, போட்டோ, பெற்றோரின் சாதிச் சான்று, வருமானத்துக்கான காகிதங்கள் ஆகியவற்றின் ஒரிஜினலையே கொண்டுபோங்கள்; அவர்கள் ஸ்கேன் செய்வார்கள். விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று படியேறும். விண்ணப்பித்ததும் எண்ணைக் குறித்துக்கொண்டு வி.ஏ.ஓ.வை ஒருமுறை நேரில் பார்த்துவிடுவது நல்லது. ஏப்ரல் முதல் ஜூன் வரை கூட்டம் மிக அதிகம். அந்த மாதங்களில் மூன்று வாரம் ஒதுக்கி வையுங்கள். வந்த சான்றில் டிஜிட்டல் கையெழுத்தும் கியூஆர் குறியீடும் இருக்கும். அதற்கு மேல் மையில் கையெழுத்து வேண்டும் என்று யாராவது கேட்டால், குறியீட்டை ஸ்கேன் செய்து காட்டுங்கள்.

7. குறைந்த ஆயுள் உள்ளதைக் கடைசியில் எடுங்கள்

வெளிநாட்டுப் படிப்புக்குப் போகிறவர்கள் எல்லாக் காகிதத்தையும் ஒரே நேரத்தில் வாங்கிச் சேர்க்கக் கூடாது. சில சீக்கிரம் காலாவதியாகும். ஐஇஎல்டிஎஸ், டோஃபல் ஆகிய ஆங்கிலத் தேர்வுகளின் மதிப்பெண் இரண்டு வருடம். மேல்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வு மதிப்பெண் ஐந்து வருடம். இங்கேயே எம்.டெக். என்றால் ‘கேட்’ நுழைவுத் தேர்வு மதிப்பெண் மூன்று வருடம். பிரிட்டன் விசாவுக்கான காசநோய்ச் சான்று ஆறு மாதம். அதே விசாவுக்கு வங்கியில் பணம் தொடர்ந்து 28 நாள் குறையாமல் இருந்திருக்க வேண்டும். அந்த 28 நாளின் கடைசி நாள், நீங்கள் விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 31 நாளுக்குள் வர வேண்டும். நடுவில் ஒரே ஒரு நாள் இருப்பு குறைந்தாலும் 28 நாள் புதிதாகத் தொடங்கும். ஆகையால் அந்தக் கணக்கிலிருந்து கரண்ட் பில் கூடக் கட்டாதீர்கள்.

ஆகவே வரிசை இப்படி: பாஸ்போர்ட், பிறகு ஆங்கிலத் தேர்வு, அட்மிஷன் கடிதம் வந்த பிறகு பணத்தை ஒரே கணக்கில் சேர்த்து வைப்பது, அந்த 28 நாள் ஓடும்போதே மருத்துவச் சான்று. போலீஸ் கிளியரன்ஸ் கேட்கும் நாடு என்றால் அதைப் பாஸ்போர்ட் சேவா மூலம் 500 ரூபாய்க்கு வாங்கலாம். அதையும் கடைசிக் கட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பல நாடுகள் ஆறு மாதத்துக்கு மேல் பழையதை ஏற்பதில்லை.

ஆசிரியர் பணிக்குத் தயாராகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: டெட் தேர்வுச் சான்றுக்கு இருந்த ஏழு வருட வரம்பு 2021இல் நீக்கப்பட்டது. 2011 முதலான பழைய சான்றுகளுக்கும் அது பொருந்தும்.

8. ‘வேலிட் ஐடி இன் ஒரிஜினல்’

தேர்வு மையத்திலும் ரயிலிலும் விமான நிலையத்திலும் இந்தச் சொற்றொடர் வரும். ஜெராக்ஸ், போனில் எடுத்த போட்டோ, வாட்ஸ்அப்பில் வந்த படம் ஆகியவை ஒரிஜினல் அல்ல. அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கருக்கு உள்ளே திறந்து காட்டும் லைசென்ஸும் ஆர்.சி.யும் போக்குவரத்துப் போலீசிடம் ஒரிஜினலுக்குச் சமம். அதையே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காட்டினால் செல்லாது. தேர்வு மையங்களில் டிஜிலாக்கரை நம்பிப் போகாதீர்கள், உள்ளே போனே கொண்டுபோக முடியாது.

ஆதார் எல்லாவற்றுக்கும் செல்லும் என்று ஓர் எண்ணம் நம்மிடம் இருக்கிறது. இப்போது அச்சிடும் ஆதாரிலேயே, இது அடையாளத்துக்கான சான்று, குடியுரிமைக்கோ பிறந்த தேதிக்கோ சான்றல்ல என்று போட்டிருக்கிறார்கள். பிறந்த தேதி கேட்கும் இடத்துக்குப் பிறப்புச் சான்றையோ பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையோ தனியாக எடுத்து வையுங்கள்.

சின்ன விஷயங்கள் இரண்டு: செக்கும் டிடியும் எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதம்தான் (2012 ஏப்ரலுக்கு முன் ஆறு மாதம்). பத்து ரூபாய் பிளாட்பார டிக்கெட் இரண்டு மணி நேரம். வழியனுப்பப் போன இடத்தில் ரயில் தாமதமானால் இன்னொன்று எடுத்துவிடுங்கள்.

9. ஒரு நோட்டுப் போடுங்கள்

வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். ஆவணத்தின் பெயர், எண், அச்சிட்ட தேதி, அதற்குப் பக்கத்தில் ‘உண்மையான கடைசி நாள்’ என்று இன்னொரு தேதி. பாஸ்போர்ட்டுக்கு அச்சிட்ட தேதிக்கு ஒரு வருடம் முன்பு. லைசென்ஸுக்கு இரண்டு மாதம் முன்பு. இன்ஷூரன்ஸுக்கு ஒரு வாரம் முன்பு. போனில் ரிமைண்டர் வைப்பதானால் இந்த இரண்டாவது தேதிக்கு வையுங்கள். போன் மாறினால் ரிமைண்டர் போய்விடும் என்பதால் நான் நோட்டையும் விடுவதில்லை.

10. கவுன்ட்டரில் ‘இது வேலிட் இல்ல’ என்று சொன்னால்

உடனே திரும்பி வந்துவிடாதீர்கள், சண்டையும் போடாதீர்கள். “எதனால சார்? தேதியா, படிவமா, இந்த வேலைக்கு இது ஆகாதா?” என்று கேளுங்கள். தேதி என்றால் ரினியூவல், படிவம் என்றால் வேறு மாதிரியில் வாங்க வேண்டும், நோக்கம் என்றால் வேறு ஆவணமே வேண்டும். மூன்றுக்கும் போக வேண்டிய அலுவலகம் வேறு வேறு. ‘என்ன கொண்டுவந்தால் ஏற்பீர்கள்’ என்பதை அவர் வாயாலேயே சொல்லக் கேட்டு, அங்கேயே நின்று எழுதி, எழுதியதை அவரிடம் ஒருமுறை காட்டிச் சரிதானா என்று கேளுங்கள். வேலை அல்லது சேர்க்கை தொடர்பான நிராகரிப்பு என்றால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், அறிவிப்பில் எந்த வரியின்படி என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். மேல்முறையீடு செய்யவோ கூடுதல் நாள் கேட்கவோ அந்த ஒரு காகிதம்தான் பிறகு உதவும்.